உடற்பருமன் ஹார்மோன்களும் கல்லீரல் புற்றுநோயும்: அறிக்கையைப் படிப்பது முதல் சிகிச்சையைத் திட்டமிடுவது வரை

கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் அறிக்கையில் கண்டவர்கள் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது. எண்ணெயை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முன்பு கேட்டவர்கள், இன்று இணையத்தில் படித்துவிட்டு வந்து, லெப்டின் அளவைப் பார்க்கலாமா, அடிபோனெக்டினைக் கூட்டும் மாத்திரை உண்டா என்று கேட்கிறார்கள். கேள்வியில் பிழையில்லை. கொழுப்புத் திசு சுரக்கும் இவ்விரு ஹார்மோன்களுக்கும், கணையம் சுரக்கும் இன்சுலினுக்கும் கல்லீரல் புற்றுநோயின் வளர்ச்சியில் பங்கு உண்டு என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் அந்த அறிவைப் பயன்படுத்தும் வழி ஹார்மோனை அளந்து பார்ப்பதில் இல்லை. வேறு எதை அளப்பது, எப்போது அளப்பது, அளந்த பின் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்கள் இரு வகையினராக இருக்கக்கூடும். உடற்பருமன், சர்க்கரை நோய், கல்லீரல் கொழுப்பு ஆகியவை உள்ளவர்கள் ஒரு வகை; கல்லீரலில் புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் மற்றொரு வகை. இவ்விருவருக்கும் சொல்லும் அறிவுரை ஓரிடத்தில் நேர்மாறாகத் திரும்புகிறது. முதல் வகையினருக்கு எடை குறைய வேண்டும். இரண்டாம் வகையினருக்கு எடை குறைவது பெரும்பாலும் கெட்ட செய்தி. இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல், புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே பட்டினி உணவுமுறையைத் தொடங்குவதுதான் குடும்பங்களில் அதிகமாக நடக்கும் தவறு என்பது என் கருத்து.

கொழுப்புத் திசு கல்லீரலுக்கு என்ன அனுப்புகிறது

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949ஆம் ஆண்டு, தின்று தின்று உருண்டையாகப் பெருத்த சில எலிகள் கண்ணில் பட்டன. அவற்றில் எந்த மரபணு பழுதுபட்டிருக்கிறது என்பதை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் 1994இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு, மெலிவு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். உடலில் போதிய கொழுப்பு இருக்கிறது, உண்டது போதும் என்று மூளைக்குச் சொல்வது இதன் வேலை. பருமனானவர்களுக்கு லெப்டின் குறைவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், நிலைமை நேர்மாறானது. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடும். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே லெப்டினை ஊசியாகப் போட்டு எடையைக் குறைக்கும் முயற்சி சாதாரண உடற்பருமனில் பலன் தரவில்லை. கொழுப்புத் திசுவே இல்லாத அரிய நோயாளிகளுக்கு மட்டும் 2014இல் அமெரிக்காவில் அத்தகைய ஊசிக்கு அனுமதி கிடைத்தது.

மூளை கேட்காவிட்டாலும் மற்ற உறுப்புகள் லெப்டினைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கல்லீரல் புற்றுச் செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்து லெப்டினைச் சேர்த்தால், செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி வழியாக ஜாக்-ஸ்டாட், பி.ஐ.3 கைனேஸ் ஆகிய சமிக்ஞைப் பாதைகள் முடுக்கிவிடப்படுகின்றன; செல்கள் விரைவாகப் பிரிகின்றன, சாக வேண்டியவை சாகாமல் தப்புகின்றன, அண்டைத் திசுவுக்குள் ஊடுருவும் திறனும் கூடுகிறது. புதிய ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்னும் காரணியையும் லெப்டின் கூட்டுகிறது. இந்தக் காரணியைத் தடுக்கும் மருந்து கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில் இடம்பெறுவதைப் பின்னால் பார்ப்போம். கல்லீரலில் காயம் ஏற்பட்டால் தழும்பை உருவாக்கும் விண்மீன் வடிவச் செல்களையும் லெப்டின் தூண்டிவிடுகிறது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் போனால் படம் தவறாகிவிடும். லெப்டின் பிறவியிலேயே இல்லாத எலிகளின் கல்லீரலை ரசாயனத்தால் காயப்படுத்தினால், சாதாரண எலிகளுக்கு வருமளவு தழும்பு அவற்றுக்கு வருவதில்லை. ஆகத் தழும்புக்கு லெப்டின் தேவை. ஆனால் அதே லெப்டின் இல்லாத எலிகளுக்குப் புற்றுநோயைத் தூண்டும் ரசாயனத்தைக் கொடுத்தபோது, ஒல்லியான எலிகளைவிட அதிகமாகக் கல்லீரல் கட்டிகள் வந்தன. கலிஃபோர்னியாவில் மைக்கேல் கரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட அந்த ஆய்வு, பருமனோடு வரும் நாட்பட்ட அழற்சியும், குறிப்பாக ஐ.எல்.6, டி.என்.எஃப். என்னும் இரண்டு புரதங்களும் அதற்குக் காரணம் என்று காட்டியது. லெப்டின் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடிபோனெக்டினின் கதை தலைகீழானது. இதையும் கொழுப்புத் திசுதான் சுரக்கிறது. எனினும் கொழுப்பு கூடினால் இது குறைகிறது. லெப்டின் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் இருக்கும்போது, அடிபோனெக்டின் அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய அலகான மைக்ரோகிராம் கணக்கில் ஓடுகிறது. இன்சுலினுக்குச் செல்கள் ஒழுங்காக இணங்கி நடக்க இது உதவுகிறது, கல்லீரலில் ஏ.எம்.பி. கைனேஸ் என்னும் நொதியை இயக்கிக் கொழுப்பை எரிக்கச் செய்கிறது. ஆய்வகத்தில் புற்றுச் செல்களின் மீது லெப்டின் ஏற்படுத்தும் தூண்டுதலைத் தணிக்கிறது. எலிகளில் கல்லீரல் கட்டிகளின் வளர்ச்சியையும் ரத்தக்குழாய் பெருக்கத்தையும் அது குறைத்திருக்கிறது. இவ்வளவையும் படித்தவர், ரத்தத்தில் அடிபோனெக்டின் மிகுதியாக இருந்தால் நல்லது என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களுக்கு ரத்தத்தில் அடிபோனெக்டின் உயர்கிறது, ஏனெனில் அதை அகற்றும் கல்லீரலே நலிந்துவிட்டது. ஹெப்படைட்டிஸ் சி நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஜப்பானிய ஆய்வில், இந்த ஹார்மோன் மிகுந்திருந்தவர்களுக்கே புற்றுநோய் அதிகம் வந்தது. அளவு கூடியிருப்பது நன்மையின் அடையாளமா, நோய் முற்றியதன் அடையாளமா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. லெப்டின், அடிபோனெக்டின் பரிசோதனைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்சுலினைப் பற்றி ஒரு குறிப்பு போதும். கணையம் சுரக்கும் இன்சுலின் நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் வாயிற்சிரையில்தான் கொட்டுகிறது. கையில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் அளவைவிடக் கல்லீரல் பார்க்கும் அளவு பல மடங்கு அதிகம். செல்கள் இன்சுலினுக்கு இணங்காதபோது கணையம் மேலும் சுரக்கிறது, அந்த மிகை முழுவதும் முதலில் கல்லீரலைத்தான் நனைக்கிறது. இன்சுலினும் அதன் உறவான ஐ.ஜி.எஃப். காரணிகளும் செல் வளர்ச்சியைத் தூண்டுபவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்வதன் பின்னணி இது.

வெளியிலிருந்து அளக்கக்கூடியவை

ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்து அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2003இல் வெளியிட்ட ஆய்வில், எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்ணான பி.எம்.ஐ. 35க்கு மேலிருந்த ஆண்கள் கல்லீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு இயல்பான எடையுள்ளவர்களைப் போல் 4.5 மடங்காக இருந்தது. பெண்களில் அது 1.7 மடங்கு. நம்மவர்களில் 35ஐத் தொடுபவர்கள் குறைவு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தெற்காசிய உடல் ஒரே பி.எம்.ஐ.யில் ஐரோப்பியரைவிடக் கூடுதல் கொழுப்பையும் குறைவான அடிபோனெக்டினையும் கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்திய வழிகாட்டுதல்களில் 23க்கு மேல் மிகை எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று வரம்பு தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளது.

முதலில் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். வேட்டியோ கால்சட்டையோ கட்டும் இடத்தில் நாடாவைச் சுற்றுவது பலரும் செய்யும் பிழை. தொப்பை அதற்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், அளவு குறைவாகக் காட்டும். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் படிக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் வரம்பு.

அடுத்தது தழும்பைக் கணிப்பது. கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்ற செய்தியைவிட, அதில் தழும்பு ஏறியிருக்கிறதா என்பதே புற்றுநோய் அபாயத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இதற்கு ஃபிப்-4 என்னும் கணக்கு உண்டு. அதற்குத் தேவையான மூன்று எண்களும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கும்: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் இரண்டு கல்லீரல் நொதிகளின் அளவு, ரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை. நான்காவது உங்கள் வயது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டுகளின் எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்து, வந்ததை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு வயது 52, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 78 கிலோ, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டுகள் 1.5 லட்சம். 52ஐ 60ஆல் பெருக்கினால் 3120. தட்டுகள் 150 என்றாகும், 64இன் வர்க்கமூலம் 8, பெருக்கினால் 1200. விடை 2.6. ஃபிப்-4 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 65 வயது கடந்தவர்களுக்கு இந்த வரம்பு 2. எண் 2.67க்கு மேலே போனால் கல்லீரல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு மனிதர் இரண்டுக்கும் நடுவில், அதிலும் மேல் விளிம்பை ஒட்டி நிற்கிறார். அவருடைய எஸ்.ஜி.பி.டி. சற்றே கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடும் அறிக்கைகள் எத்தனையோ. அவருக்கு அடுத்த படி, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அதில் கிலோபாஸ்கல் கணக்கில் வரும் விறைப்பு எண் 8க்குக் கீழ் இருந்தால் ஆறுதல், 12க்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. உடல் பருத்தவர்களுக்குச் சாதாரண முனையால் எடுத்தால் அளவு பிசகும். அவர்களுக்கென்றே பெரிய முனை இருக்கிறது, அதை வைத்து எடுத்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். ஃபிப்-4 கணக்கு 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நம்பத்தக்கதன்று.

இதோடு ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ள ஒருவருக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் மேலும் உயர்கிறது. பருமனும் மதுவும் சேர்ந்தாலும் அப்படித்தான்.

யாருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்

சிரோசிஸ் உறுதியானவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், கல்லீரல் கட்டி சுரக்கக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. என்னும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டிகள் இரட்டிப்பாக ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு மாதம் எடுத்துக்கொள்வதால் வைத்த இடைவெளி அது. ஆண்டுக்கு ஒருமுறை என்று தள்ளிப்போட்டால் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கும் வாய்ப்பு நழுவுகிறது. பருமனானவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வயிற்றுத் தோலின் அடியிலுள்ள கொழுப்பும் கல்லீரலிலுள்ள கொழுப்பும் ஒலி அலையை விழுங்கிவிடுவதால், கல்லீரலின் ஆழமான பகுதி திரையில் மங்கிவிடும். நல்ல ஸ்கேன் அறிக்கையில் காட்சித்தரம் ஏ, பி, சி என்று குறிக்கப்பட்டிருக்கும். சி என்றிருந்தால், அதன் கீழே கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதற்குப் பொருள் குறைவு, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கொழுப்பு நோயின் வழியே வரும் புற்றுநோயில் கணிசமான பகுதி சிரோசிஸ் வராமலேயே வந்துவிடுகிறது என்பதும் உண்மை. அதற்காகக் கொழுப்புள்ள எல்லோரையும் அரையாண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய முடியாது. தழும்பு முற்றியவர்களையும், சர்க்கரை நோயோடு தழும்பும் ஏறிக்கொண்டிருப்பவர்களையும் மருத்துவர் தனித்துத் தீர்மானிப்பார்.

புற்றுநோய் வருமுன்: ஹார்மோன்களை மாற்றும் ஒரே உறுதியான வழி

எடை குறைந்தால் லெப்டின் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்குகிறது, அடிபோனெக்டின் மெல்ல ஏறுகிறது, இன்சுலின் மிகை அடங்குகிறது, அழற்சியும் தணிகிறது. இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்யும் மாத்திரை வேறில்லை. கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. கொழுப்பு குறைய 5 சதவீதமும், அழற்சி தணிய 7 சதவீதமும் இலக்காகச் சொல்லப்படுகின்றன. நம் 78 கிலோ மனிதருக்கு இவை முறையே ஏறக்குறைய 4 கிலோ, ஐந்தரைக் கிலோ. பத்து சதவீதம் என்றால் எட்டுக் கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோ என்று வைத்தாலும் நான்கு மாதத்தில் அடையக்கூடியது. அவசரப்பட்டு வாரத்துக்கு மூன்று கிலோ குறைக்கும் உணவுமுறைகள் கல்லீரலுக்கே கேடாக முடியலாம்.

எதைக் குறைப்பது என்பதில் நம் வீடுகளில் கவனம் எண்ணெயின் மீதே இருக்கிறது. தட்டில் குவிந்த வெள்ளைச் சாதமும், நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்டுக் குடிக்கும் தேநீரும், பாட்டில் குளிர்பானமும் கல்லீரலில் நேரே கொழுப்பாக மாறுபவை என்பதை மறந்துவிடுகிறார்கள். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல நாட்டு ஆய்வுகள் கவனித்திருக்கின்றன. சர்க்கரையை விட்டுவிட்டுக் காப்பியைத் தொடர்வதில் தடையில்லை. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்து நிறம் மாறியதைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் வளரும் அஃப்லடாக்சின் நச்சு கல்லீரல் செல்லின் மரபணுவையே தாக்குவது.

மருந்துகளில் இப்போது நடப்பவற்றையும் அறிந்திருப்பது நல்லது. கல்லீரல் கொழுப்பு அழற்சிக்கென்றே ரெஸ்மெட்டிராம் என்னும் மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், செமாகுளுட்டைடு ஊசிக்கு 2025 ஆகஸ்ட்டிலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செமாகுளுட்டைடின் சோதனையில் 72 வாரங்களில் 63 சதவீதத்தினருக்கு அழற்சி தணிந்தது. வெற்று ஊசி பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்குத் தணிந்தது. இது அழற்சி பற்றிய முடிவு. புற்றுநோயைத் தடுத்ததாக இதற்குப் பொருளில்லை. சர்க்கரை மாத்திரையான பயோகிளிட்டசோன் அடிபோனெக்டினை உண்மையிலேயே கூட்டக்கூடியது, ஆனால் எடையை ஏற்றும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைவாக வருவதாகக் காட்டும் ஆய்வுகள் உள்ளன. எனினும் புற்றுநோயைத் தடுப்பதற்கென்று அதைத் தருவதில்லை. சர்க்கரைக்காக எழுதித் தந்திருந்தால் தொடருங்கள். எடை மிகுந்து, கொழுப்பு அழற்சியும் உள்ளவர்களுக்கு இரைப்பைச் சுருக்க அறுவைச் சிகிச்சை ஒரு வழி: கிளீவ்லண்ட் மருத்துவமனை 2021இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பத்தாண்டுகளில் புற்றுநோய் உள்ளிட்ட பெரிய கல்லீரல் பாதிப்புகள் அறுவை செய்துகொண்டவர்களில் 2.3 சதவீதமாகவும் மற்றவர்களில் 9.6 சதவீதமாகவும் இருந்தன.

"உடல் இளைக்க" என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். மீன் குழம்பில் போடும் கொடம்புளியால் தீங்கில்லை. அதன் சாற்றைச் செறிவூட்டி மாத்திரையாக்கியவற்றாலும், பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளாலும் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் நோயெதிர்ப்புக்கென்று சீந்தில் குடித்தவர்களுக்கும் அப்படி நேர்ந்தது.

புற்றுநோய் என்று தெரிந்த பின்

கல்லீரல் புற்றுநோயில் ஒரே நேரத்தில் இரண்டு நோய்களுக்குச் சிகிச்சை செய்கிறோம்: கட்டி ஒன்று, அது முளைத்த நலிந்த கல்லீரல் மற்றொன்று. எனவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டியின் அளவைப் பற்றியதாக மட்டும் இருக்கக்கூடாது. கல்லீரலின் வலிமையைக் காட்டும் சைல்டு-பியூ தரம் ஏ-யா, பி-யா, சி-யா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்து இடும் தரம் அது; ஏ என்றால் கல்லீரல் நன்றாக இயங்குகிறது, சி என்றால் மிகவும் நலிந்துவிட்டது. கட்டி ஒன்றே ஒன்றாக 5 சென்டிமீட்டருக்குள்ளோ, மூன்று வரை ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள்ளோ இருந்தால் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு மிலான் வரம்பின்படி இடமுண்டு. வெட்டி எடுப்பது, ஊசி முனையால் சுட்டு அழிப்பது, தமனி வழியே மருந்து செலுத்தி அடைப்பது ஆகியவை நிலைக்கேற்ற மற்ற வழிகள்.

கட்டி பரவிய பின் தரும் மருந்துகளில்தான் எடையும் ஹார்மோன்களும் மறுபடி உள்ளே வருகின்றன. லென்வாட்டினிப் மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது: 60 கிலோவும் அதற்கு மேலும் என்றால் நாளுக்கு 12 மில்லிகிராம், குறைந்தால் 8 மில்லிகிராம். வயிற்றில் நீர் கோத்து, அதாவது பழைய வைத்தியர்கள் மகோதரம் என்றது வந்து, 55 கிலோ உடம்பு தராசில் 62 காட்டக்கூடும். நீரையும் வீங்கிய காலையும் கழித்த எடை எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை.

நோயெதிர்ப்பு மருந்தான அட்டசோலிசுமாப், அதோடு பெவாசிசுமாப் ஆகிய இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் சிகிச்சை 2020இல் வந்தது. அதைப் பெற்றவர்களின் நடு ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் கடந்த காலம், 19.2 மாதம்; பழைய மாத்திரையான சோராஃபெனிப் பெற்றவர்களுக்கு 13.4 மாதம். பெவாசிசுமாப் தடுப்பது மேலே சொன்ன வி.இ.ஜி.எஃப். காரணியைத்தான். ரத்தக் கசிவு அபாயம் இருப்பதால், தொடங்குமுன் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உண்டா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். பெவாசிசுமாப் எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது, ரத்தக் கொதிப்பையும் கூட்டும். பருமனானவர்களில் பலருக்கு ஏற்கெனவே கொதிப்பு இருப்பதால், வீட்டில் நாள்தோறும் அளந்து குறித்து வைப்பது அவசியம்.

நோயெதிர்ப்புச் சிகிச்சை பருமனானவர்களுக்கு வேலை செய்யாது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சின் வேர் 2021இல் வெளியான ஆய்வு. கொழுப்பு அழற்சியுள்ள எலிகளின் கல்லீரலில், கட்டியைத் தாக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் களைத்துப்போய், கட்டியை விட்டுவிட்டுக் கல்லீரலையே தாக்கின; மூன்று பெரிய மருந்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் வைரஸால் வந்த புற்றுநோயில் கிடைத்த பலன் மற்றவர்களுக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆனால் 2019இல் வந்த வேறோர் ஆய்வு, லெப்டின் டி செல்களைக் களைக்கச் செய்வது உண்மையென்றாலும், அந்தக் களைப்பே பி.டி.1 தடுப்பு மருந்து என்னும் நோயெதிர்ப்பு மருந்துக்குச் செல்களை நன்றாக இணங்க வைக்கிறது என்று கல்லீரல் அல்லாத புற்றுநோய்களில் காட்டியது. 2022இல் வெளியான துர்வாலுமாப்-ட்ரெமெலிமுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துகளின் சோதனையில் வைரஸ் இல்லாதவர்களும் பயனடைந்தார்கள். பருமனைக் காரணம் காட்டி இச்சிகிச்சையை மறுக்க வழிகாட்டுதல்கள் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் மறுக்க வேண்டாம். தொடங்கிய பின் திடீரென்று சர்க்கரை எகிறினாலோ, அளவு கடந்த சோர்வு வந்தாலோ காத்திருக்காமல் தெரிவியுங்கள். கணையத்தையும் தைராய்டையும் இம்மருந்துகள் சிலருக்குத் தாக்கக்கூடும்.

உணவில்தான் திருப்பம் வருகிறது. சிரோசிஸும் புற்றுநோயும் தசையைக் கரைக்கின்றன. தொப்பை இருக்கும்போதே தொடையும் தோளும் மெலியும். தசை கரைந்தவர்கள் சிகிச்சையைத் தாங்குவது குறைவு. பருமனாக இருப்பதால் கொஞ்சம் இளைக்கட்டும் என்று விட்டுவிடக்கூடாது. எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை; 60 கிலோ உள்ளவருக்கு 72 கிராம். இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் மீனில் 20, இரண்டு தம்ளர் பாலும் தயிரும் 13, இரண்டு கிண்ணம் பருப்பும் சுண்டலும் 16, இட்லியும் சாதமும் சேர்ந்து 12 என்று கூட்டினால் எட்டிவிடலாம். மீனும் முட்டையும் சேர்க்காத வீடுகளில் பனீர், சோயா, பயறு ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். இரவு உணவோடு நிறுத்தாமல் படுக்கப்போகுமுன் ஒரு தம்ளர் பாலோ இரண்டு இட்லியோ சாப்பிடுவது நல்லது. நலிந்த கல்லீரலால் சர்க்கரையைச் சேமிக்க முடியாததால், விடிவதற்குள் உடல் தன் தசையை எரிக்கத் தொடங்கிவிடும். நோயாளி முடிந்தவரை நடக்க வேண்டும். எழுந்து உட்காரும் பயிற்சியையும் வீட்டிலேயே செய்யலாம்.

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், ஒரே தராசில், ஏறக்குறைய ஒரே உடையில் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பக்கத்தில் வயிற்றுச் சுற்றளவையும் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பன்று, நீர். அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வயிறு பெருகியும் எடை அப்படியே நின்றால் தசை கரைகிறது என்று பொருள். அந்த நோட்டை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் காட்டி, மருந்தளவையும் உணவுத் திட்டத்தையும் மாற்றக் கேளுங்கள்.